மாரியில் மக்கர் பண்ணும் பிரிண்டர்

கேள்வி: திருகோணமலை உட்துறைமுக வீதியில் சின்னதாக ஒரு கணக்காளர் அலுவலகம் வைத்திருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து லேசர் பிரிண்டரில் கடதாசி சிக்குகிறது. சில நேரம் இரண்டு மூன்று தாள் சேர்ந்து இழுபடுகிறது. திருத்துபவர் தாளை இழுக்கும் ரோலரை மாற்ற வேண்டும் என்கிறார். புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ரோலரும் வேண்டாம், புது பிரிண்டரும் வேண்டாம். மழையோடு தொடங்கிய கோளாறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கடதாசியை. கடலோர ஊரில், மாரி காலத்தில், உறை பிரித்து வெளியே வைத்த கட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தாள் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டும், ஓரம் நெளியும். டோனர் என்ற மைத்தூளை உருக்கிப் பதிக்கும் சூடான உருளைக்குள் அந்தத் தாள் போனதும் சுருண்டு சிக்கும். புதுக்கட்டு ஒன்றைப் பிரித்த கையோடு போட்டுப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் ரோலருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. மிச்சத் தாள்களை அதே உறையில் மடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

போடும் விதமும் முக்கியம். ட்ரேயை முழுதாக வெளியே எடுத்து, பழைய தாள்களை அகற்றிவிடுங்கள். அவற்றின் மேலேயே புதியதை அடுக்குவதாலும் தாள்கள் சேர்ந்து இழுபடும். புதிய தாள்களை வளைத்து, விசிறி, மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, ட்ரேயில் உள்ள உச்சக் கோட்டுக்குக் கீழே நிற்கும்படி வையுங்கள். உறையில் அம்புக்குறி இருந்தால் அது முதலில் அச்சிட வேண்டிய பக்கத்தைக் காட்டுகிறது.

அப்புறம் பக்கத்தில் நகரும் அந்த இரண்டு தடுப்புகள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அவை தாளைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. தளர்ந்தால் தாள் கோணலாகப் போகும், இறுகினால் நடுவில் புடைக்கும். பின்பக்கத் தடுப்பும் ஏ4 குறியில் நிற்கட்டும். கணினியில் அளவு ‘லெட்டர்’ என்று கிடந்தால் ஏ4 ஆக மாற்றுங்கள். லெட்டர் தாள் ஏ4ஐ விட 18 மி.மீ. குட்டை.

சிக்கிய தாளை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு கையாலும் அது ஓடும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். கிழிந்தால் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும், உள்ளே கிடக்கும் துண்டு அடுத்த தாளையும் மறிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் இழுக்கவில்லையா? தாளை இழுக்கும் ரோலரை, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் இலேசாக நனைத்துத் துடையுங்கள். தூசி படிந்தால் வழுக்கும். ரப்பர் தேய்ந்து பளபளத்திருந்தால் திருத்துபவர் சொன்னது சரி. மாற்றுங்கள், ஆனால் பழைய ரோலரையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் முதலில் வாங்கிய கடைக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும் ஏ4 கட்டை நம்பலாமா?

பதில்: எடை போட்டுப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு சுமார் இரண்டரைக் கிலோ. 70 ஜிஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 2.2 கிலோ. 70 போட்டு அதற்கேற்ற விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். 80 என்று அச்சிட்டுவிட்டு எடை நன்றாகக் குறைந்தால் பில்லுடன் கடையில் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிடலாம்.