அடுக்கு ஜிங்க் ஹைட்ராக்சைடு நைட்ரேட் செய்யப் பார்த்தால் ஏன் ஜிங்க் ஆக்சைடாகவே வருகிறது?

ஜிங்க் நைட்ரேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டீர்கள், வெள்ளையாக வீழ்படிவு வந்தது, எக்ஸ்.ஆர்.டி.யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) பார்த்தால் ஆக்சைடு. இதுதானே உங்கள் கேள்வி? நாகர்கோவிலில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். பி.எச். 9 தாண்டும்வரை காரம் விட்டேன், அப்புறம் 110 டிகிரி சூட்டில் உலர்த்தும் அடுப்பில் இரவு முழுக்க வைத்தேன். இரண்டுமே தப்பு: காரம் மிஞ்சினாலும் சூடு கூடினாலும் ஆக்சைடாகிவிடும்.

பொருளின் அமைப்பைப் புரிந்துகொண்டால் செய்முறை தானாகப் பிடிபடும். இதில் ஐந்து துத்தநாகத்துக்கு (ஜிங்க்) எட்டு ஹைட்ராக்சில், இரண்டு நைட்ரேட், இரண்டு நீர். எட்டு ஹைட்ராக்சில் சேர்ந்த தகட்டில் துத்தநாகத்துக்கு நான்கு எண்முகி (சுற்றி ஆறு அணுக்கள் உள்ள) இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று காலி. அந்தக் காலி இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு துத்தநாகம் நான்முகியாக (சுற்றி நான்கு அணுக்களோடு) உட்கார்ந்திருக்கும். கூட்டிப் பாருங்கள்: ஒன்று போய் இரண்டு வந்ததால் தகட்டுக்கு நிகரமாக இரண்டு நேர்மின்சுமை. அதைச் சமன்செய்யத்தான் நைட்ரேட் இரண்டு தகடுகளுக்கு நடுவில் வந்து நிற்கிறது. துத்தநாகத்தோடு அதற்கு நேரடிப் பிணைப்பு இல்லை. நான்முகியின் உச்சியில் இருப்பது நீர். அதனால்தான் நைட்ரேட்டை எடுத்துவிட்டு வேறு எதிர்மின் அயனியை உள்ளே விட முடிகிறது. எனக்கு இந்தப் பொருள்மேல் இன்றுவரை ஆசை விடாததற்குக் காரணமே இதுதான்.

சரி, செய்முறை. ஐந்துக்கு எட்டு என்றால் ஒரு துத்தநாகத்துக்கு 1.6 ஹைட்ராக்சில். 29.75 கிராம் ஜிங்க் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டுக்குச் சரிக்கணக்கு 6.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. நான் 6 கிராமோடு நிறுத்திவிடுவேன். துத்தநாகம் கொஞ்சம் மிஞ்சட்டும், காரம் மட்டும் மிஞ்சக் கூடாது. நைட்ரேட் கரைசல் நன்றாகச் சுழன்றுகொண்டிருக்க, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பி.எச். 7-ஐ ஒட்டி நிற்க வேண்டும். சில மணி நேரம் கலக்கியபின் பீக்கரைக் கையில் எடுத்து மெல்லச் சுழற்றுங்கள். தட்டைப் படிகங்கள் வந்திருந்தால் வெள்ளைக்குள் பட்டுத்துணி அசைவதுபோல ஒரு மினுமினுப்பு ஓடும். ஆக்சைடுத் தூளில் அந்த மினுமினுப்பை நான் பார்த்ததில்லை.

கழுவுவதில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒருமுறை வாலைநீர் (காய்ச்சி வடித்த நீர்) தீர்ந்துபோய், கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டேன். எக்ஸ்.ஆர்.டி.யில் 11.2 டிகிரி கோணத்தில் புதிதாக ஒரு கோடு. உப்புத் தண்ணீரின் குளோரைடு உள்ளே நுழைந்து, தகட்டு இடைவெளி 9.7 ஆங்ஸ்ட்ராமிலிருந்து (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒன்று) 7.9 ஆங்ஸ்ட்ராமாகக் குறைந்திருந்தது. இந்தக் குளோரைடு வகைக்கு சைமன்கொல்லைட் என்று பெயர். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்று படும் ஜிங்க் ஷீட் கூரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அதில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். அதே ஐந்துக்கு எட்டுத் தகடுதான். நான்முகி உச்சியில் நீருக்குப் பதில் குளோரைடு. ஆகவே கொதிக்கவைத்து ஆறவைத்த வாலைநீரில் கொஞ்சமாகக் கழுவுங்கள். கொதிக்கவைப்பது கரைந்த கரியமில வாயுவை விரட்ட. இல்லையென்றால் கார்பனேட் உள்ளே வரும்.

உலர்த்துவது 60 டிகிரிக்குக் கீழே. மழைக்காலத்தில் இங்கே அறையில் காயாது, டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரம்) வையுங்கள். சூட்டைக் கூட்டினால் முதலில் நீர் போகும், பிறகு நைட்ரேட்டும் போய் எடையில் சுமார் 65 சதவீதம் ஆக்சைடாக மிஞ்சும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிறார்களே, அதே ஜிங்க் ஆக்சைடு.

இன்னொன்று. எக்ஸ்.ஆர்.டி.யை 5 டிகிரி கோணத்திலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். இந்தப் பொருளின் முக்கியமான கோடு 9.1 டிகிரி அருகே, அதாவது 9.7 ஆங்ஸ்ட்ராமில் வரும். பல இடங்களில் வழக்கமாக 20-லிருந்துதான் ஓட்டுவார்கள். உங்கள் சாம்பிளில் அந்தக் கோடு ஏற்கெனவே இருந்து, நீங்கள் பார்க்காமல்கூட இருந்திருக்கலாம்.