குரல் நின்ற பிறகும் மறதி: தம்பியின் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்

ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய்க்கான ரிஸ்பெரிடோன் மாத்திரையில், யாரும் பேசாமலே காதில் கேட்ட குரல்கள் நின்றும், மூன்று சாமான் வாங்கப் போன தம்பி ஒன்றோடு திரும்புகிறார்; சோம்பலா, பழைய கஞ்சாப் பழக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோம்பல் இல்லை. கவனமும் நினைவும் தளர்வது ஸ்கிசோஃப்ரினியாவின் ஒரு பகுதி. பலருக்குக் குரல்கள் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். மருந்து குரலை அடக்கும் அளவுக்கு இதைச் சரிசெய்வதில்லை. பதின்வயதில் தொடங்கும் கஞ்சா நோய் வரும் அபாயத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அது ஒன்றே காரணமல்ல, வீட்டில் அதைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். இனித் தொடாமல் இருந்தால் போதும்.

எனக்கு உறுத்துவது சீட்டில் இருக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி., இரண்டு வேளை. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் வரும் கை நடுக்கம், விறைப்புக்காகத் தருவது. மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதால் புதிதாகக் கேட்டது மனதில் தங்காமல் போகலாம். வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வையும் உண்டா? இருந்தால் சந்தேகம் வலுக்கும். "நடுக்கம் இல்லையே, படிப்படியாகக் குறைக்கலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால் விறைப்பு திரும்பலாம். மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்க, அப்படியே வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள்.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்து, வாங்கியதைக் கடையிலேயே பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கும் அளவு வேகநடை, வாரத்தில் பல நாள். கவனம், நினைவை வளர்க்கப் பயிற்சியாளர் வழிகாட்டித் தரும் அறிவாற்றல் மீட்புப் பயிற்சி கிடைத்தால் வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுங்கள். போனில் தனியாகப் புதிர் விளையாடுவது புதிரில்தான் கெட்டிக்காரராக்கும்.

சிகரெட் பிடிப்பவரா? பின்னாளில் ஒலான்சபினுக்கோ குளோசபினுக்கோ மாற்றினால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புகை அந்த மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைக்கும். சிகரெட்டைத் திடீரென விட்டால் அளவு ஏறும்.