இடது கையைத் திருத்துவதற்கு முதல் ட்ரம்மின் சாய்வைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 14 வயது. பாடசாலையில் வெஸ்டர்ன் பாண்டில் சைட் ட்ரம் அடிக்கிறாள். தை மாதத்திலிருந்து கொட்டாஞ்சேனையில் ஒரு மாஸ்டரிடம் ட்ரம் செட்டும் பழகுகிறாள். இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். பாண்ட் சேர் இடது கைத் தடியைக் கீழிருந்து ஏந்தும் ட்ரடிஷனல் கிரிப்தான் முறை, இரண்டு கையாலும் ஒரேமாதிரிப் பிடிக்கும் மேட்ச்ட் கிரிப் சோம்பல் என்கிறார். ட்ரம் செட் மாஸ்டர் அந்தப் பிடியின் காலம் முடிந்துவிட்டது, மேட்ச்ட் கிரிப் மட்டும் போதும் என்கிறார். இரண்டு மாதமாக இடது பெருவிரலின் அடியில் நோகிறது என்கிறாள். மோதிர விரலில் தோலும் தடித்திருக்கிறது. அவள் எழுதுவது இடது கையால் என்பதையும் சொல்ல வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இரண்டையும் பழகினால் கை குழம்பிவிடாதா?

— ஒரு தாய், கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

எந்தப் பிடி என்பதைப் பிறகு பார்ப்போம். பிள்ளைக்கு இரண்டு மாதமாக நோ இருக்கிறது. அதை முதலில் கவனிப்போம். நோகும் இடம் பெருவிரலின் அடி என்றபடியால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: ட்ரம் தொங்கும் உயரம் பிழை, அல்லது தடியைப் பெருவிரலால் நெரிக்கிறாள். பல பிள்ளைகளிடம் முதலாவது பிழைதான் இரண்டாவதைக் கொண்டுவருகிறது.

பாண்ட் ட்ரம்மின் வார் வலது தோளிலிருந்து குறுக்காக இறங்கும். ட்ரம் இடது தொடைப் பக்கமாகத் தொங்கும். அடிக்கும் முகம் வலப்பக்கம் சரிந்திருக்கும். பாடசாலை ட்ரம்கள் ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்குக் கைமாறுபவை. போன வருஷம் அதைக் கொழுவிய பிள்ளையின் உயரத்துக்கு இழுத்த வார் அப்படியே இருக்கும். பாண்டுக்குப் போடும் சப்பாத்தோடு மகளை நிற்கச் சொல்லி ட்ரம்மைக் கொழுவிப் பாருங்கள். முழங்கையை நேர்கோணத்தில் மடித்து, அங்கிருந்து கையை நாலு விரலளவு இறக்கினால் வரும் மட்டத்தில் ட்ரம்மின் விளிம்பு இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்து தொங்கினால் மணிக்கட்டைக் கீழே வளைத்து எட்டி அடிப்பாள். உயர்ந்தால் இடது முழங்கை கோழிச் செட்டை மாதிரி வெளியே கிளம்பும். இரண்டிலும் தடி கையில் நிலைக்காது, பெருவிரல்தான் அதை இறுக்கிப் பிடிக்கும். வாரின் கொழுக்கியை ஓர் ஓட்டை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வார் சரி என்றால் பிடியைப் பாருங்கள். ஒருவருக்குக் கைகொடுப்பதுபோல இடது கையை நீட்டச் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டின் ஆழத்தில் தடி இருக்க வேண்டும். தடியின் பின்முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், அதாவது 16 அங்குலத் தடியில் 5 அங்குலத்துக்குச் சற்று மேலே, அந்தக் கவடு வர வேண்டும். தடியின் கீழ்ப்பக்கத்தைத் தாங்குவது மோதிர விரல்: நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் இடையிலுள்ள பக்கவாட்டுச் சதை. சின்ன விரல் அதற்கு அணையாக மடிந்திருக்கும். சுட்டுவிரலும் நடுவிரலும் மேலே சும்மா வளைந்திருக்கும். பெருவிரல் சுட்டுவிரலின் முதல் மூட்டில் மூடிபோலப் படியும், அவ்வளவுதான். இப்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் விரிக்கச் சொல்லுங்கள். தடி கவட்டிலும் மோதிர விரலிலும் கிடக்க வேண்டும். விழுந்தால், இவ்வளவு நாளும் அதைப் பெருவிரல்தான் தூக்கிச் சுமந்திருக்கிறது. நோ வந்த வழி அதுதான்.

அசைவையும் பார்க்க வேண்டும். ட்ரடிஷனல் கிரிப்பில் இடது மணிக்கட்டு மேலும் கீழும் ஆடுவதில்லை. முன்கை உருளுகிறது. கதவில் திறப்பைப் போட்டு வலப்பக்கம் திருப்புவீர்களே, அதே உருட்டுத்தான் அடி. திரும்ப இடப்பக்கம் உருட்டினால் தடி எழும்பும். கையசைத்து வழியனுப்புவது மாதிரி மணிக்கட்டை ஆட்டினால் சத்தம் வரும், ஆனால் தடி துள்ளித் திரும்பாது. அதைத் தூக்கி எடுக்கும் வேலையும் பெருவிரலின் தலையில் விழும்.

மோதிர விரலில் தோல் தடித்திருப்பது நல்ல செய்தி. அந்த இடத்தில்தான் தடி உராய வேண்டும். பெருவிரலின் அடி நோகக் கூடாது. ஒரு வாரம் இடது கைக்கு ஓய்வு கொடுங்கள். பிறகும் தடியைத் தொடாத நேரத்தில் நொந்தாலோ, விரல் விறைத்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த நோவோடு பயிற்சி செய்ய விடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. இரண்டு ஆசிரியர்களும் பாட்டின் வகையையும் முறையின் பெருமையையும் வைத்துக் கதைக்கிறார்கள். கேள்விக்குப் பதில் ட்ரம்மின் சாய்வில் இருக்கிறது. வலப்பக்கம் சரிந்து தொங்கும் ட்ரம்மில் இடப்பக்க விளிம்பு உயர்ந்து நிற்கும். அந்த விளிம்பைத் தாண்டி இடது கையைக் கவிழ்த்துப் பிடித்து அடிக்க வேண்டுமென்றால் முழங்கையைத் தோள்வரை தூக்க வேண்டும், அணிநடை போடும்போது அது ஏலாத காரியம். உள்ளங்கையை மேலே திருப்பித் தடியைக் கவட்டில் போட்டால் கை உடம்போடு ஒட்டி இருக்கும், தடியும் முகத்தின் சரிவோடு சேர்ந்து இறங்கும். படை அணிகளில் ட்ரடிஷனல் கிரிப் பிறந்தது இதற்காகத்தான். அங்கிருந்து வந்தவர்கள் ட்ரம் செட்டில் உட்கார்ந்தபோது பழகிய கையோடே வந்தார்கள், செட்டின் நடுவிலுள்ள ஸ்னெயார் ட்ரம்மையும் அதே சரிவில் ஸ்டாண்டில் வைத்தார்கள். ஜாஸுக்கும் இந்தப் பிடிக்கும் உறவு வந்த வழி இது.

இதைக் கொழும்பிலேயே கண்ணால் பார்க்கலாம். பெப்ரவரியில் கங்காராமை விகாரையின் நவம் பெரஹரா ஊர்வலத்தில் தம்மட்டம் என்ற இரட்டை முரசு அடிப்பவர்களைக் கவனியுங்கள். இரட்டை முகமும் வானம் பார்க்க இடுப்பின் முன்னால் கட்டியிருக்கும், நுனி வளைந்த இரண்டு பிரம்புகளையும் இரண்டு கைகளும் ஒரே விதமாகப் பிடித்திருக்கும். அது மேட்ச்ட் கிரிப்தான். நம் தவிலை எடுங்கள். ஒரு கையில் பூவரசந்தடி, மறு கையின் விரல்களில் கூடு. இரண்டு கைக்கும் இரண்டு வேலை. ஏன் இரண்டு கையும் ஒரே மாதிரி இல்லை என்று எந்தத் தவில் ஆசிரியரையும் யாரும் கேட்டதில்லை. முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கை அந்தப் பக்கம் திரும்பியது.

ஆகவே பாண்டில் வாரில் சாய்ந்து தொங்கும் ட்ரம் என்றால் பாண்ட் சேர் சொல்வது சரி. வரிசையில் எல்லார் தடியும் ஒரே கோணத்தில் எழ வேண்டும் என்பதும் அவருடைய பொறுப்பு. ஆனால் மற்றதைச் சோம்பல் என்பது சரியில்லை. நாளைக்கே பாடசாலை, இரண்டு தோளிலும் மாட்டி முகத்தை மட்டமாக நிறுத்தும் சட்டத்தை வாங்கினால் ட்ரடிஷனல் பிடிக்கான காரணம் அந்த ட்ரம்மில் இல்லாமல் போய்விடும். அப்போதும் வழக்கத்துக்காக அதே பிடியை வைத்திருக்கும் அணிகள் உலகில் நிறைய உண்டு. ஸ்கொட்லாந்துப் பைப் பாண்ட்களில் ட்ரம் மட்டமாக இருந்தும் ட்ரடிஷனல் பிடியே பெருவழக்கு.

ட்ரம் செட்டில் மேட்ச்ட் கிரிப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்னெயார் மட்டமாக இருக்கிறது. இடது கை ஸ்னெயாரோடு நிற்பதில்லை. டொம் எனும் மற்ற ட்ரம்களைச் சுற்றி, தரையில் நிற்கும் ஃப்ளோர் டொம் வரை போக வேண்டும், இடப்பக்கம் உயரத்தில் நிற்கும் கிராஷ் என்ற வெண்கலத் தட்டையும் எட்ட வேண்டும். உள்ளங்கை கீழே பார்த்தால் கையின் பாரமே அடியோடு இறங்குகிறது, மணிக்கட்டும் நாலு விரல்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. ட்ரடிஷனலில் முன்கையின் உருட்டும் பெருவிரலின் தள்ளும்தான். திருமண மண்டபத்தில் ஒரு மணி நேரம் பைலாவும் சினிமாப் பாட்டும் மாறி மாறி அடிக்கும் கைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மேட்ச்ட் பிடி உலகம் முழுக்கப் பரவக் காரணமான ஓர் இரவு உண்டு. 1964 பெப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சலிவன் நிகழ்ச்சியில் வாசித்தது. ஏறக்குறைய 7 கோடி 30 இலட்சம் பேர் பார்த்தார்கள். அதன் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாரின் இரண்டு கைகளும் ஒரேமாதிரிப் பிடித்திருந்ததைப் பார்த்து ஒரு தலைமுறையே அப்படிப் பழகியது. இதைச் சொன்னவுடன் ராக் என்றால் மேட்ச்ட், ஜாஸ் என்றால் ட்ரடிஷனல் என்று கோடு கீறிவிடக் கூடாது. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் ராக் அடித்தது ட்ரடிஷனல் பிடியில். பொலிஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்டும் அப்படித்தான். ட்ரம்மின் தோலுக்குத் தெரிவது தடியின் நுனி வரும் வேகமும் கோணமும் மட்டும். தடிக்குப் பதிலாகக் கம்பித் தூரிகையால் வாசிக்கும் பிரஷ் வாசிப்பில் இடது கை ட்ரம்மின் முகத்தைத் தடவிச் சுற்றும்போது ட்ரடிஷனல் பிடி இயல்பாக அமைகிறது, கோஸ்ட் நோட் எனும், கேட்டும் கேளாத மெல்லிய அடிகளும் அதில் சுகமாக விழும். மகளுக்கு ஜாஸில் ஆசை வந்தால் அந்த நேரம் அது கைவசம் இருப்பது நல்லது. அதற்காக இப்போதே செட்டிலும் அதைத் திணிக்க வேண்டாம்.

மகள் இடது கைக்காரி என்றீர்கள். என் முடிவுக்கு அதுவே பெரிய காரணம். வலது கைக்காரருக்கு அடுக்கிய செட்டில் ஹை-ஹட் (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) இடப்பக்கம் இருக்கிறது. வலது கை இடது கைக்கு மேலாகக் குறுக்கே போய் அதை அடிக்கிறது. இவள் இடது கையாலேயே ஹை-ஹட்டை அடித்து, வலது கையை ஸ்னெயாரில் வைத்தால் கைகளைக் குறுக்கிடத் தேவையே இல்லை. ட்ரம்மர் பில்லி கொபம் வலது கைச் செட்டில் இடது கையை முன்னே விட்டு வாசிப்பவர். ரிங்கோவும் பிறவியில் இடது கைக்காரர், வலது கைச் செட்டில்தான் உட்கார்ந்தார். இடது கையில் ட்ரடிஷனல் பிடி இருந்தால் இந்த வழி அடைபடும், கீழிருந்து ஏந்திய தடியால் ஹை-ஹட்டில் மணிக்கணக்காக ஓட்டம் ஓட ஏலாது. மாஸ்டரிடம் இதைக் கதைத்து, இரண்டு விதமாகவும் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள்.

மேட்ச்ட் பிடியிலும் பிழைகள் வரும். சுட்டுவிரலைத் தடியின் மேல் நீட்டிச் சுட்டிக் காட்டுவது முதலாவது. சின்ன விரல் தேத்தண்ணிக் கோப்பை பிடிப்பதுபோல வெளியே நிற்பது இன்னொன்று. தடியின் பின்முனை உள்ளங்கைக்குள் மறைந்துவிடுவதும் உண்டு. ஓர் அங்குலமாவது வெளியே தெரிய வேண்டும். பெருவிரலின் சதைக்கும் சுட்டுவிரலின் முதல் மூட்டுக்கும் இடையில் தடி ஆடும் அளவு இடம் இருக்கட்டும். சோதிப்பது இலகு: ஒரு சாண் உயரத்திலிருந்து தடியைப் பயிற்சிக்கான ரப்பர் பாட்டின் (pad) மேல் விழவிடச் சொல்லுங்கள். தானாக நாலைந்து தரம் துள்ள வேண்டும். ஒரு தரத்தோடு செத்துப்போனால் பின்விரல்கள் நெரிக்கின்றன.

கை குழம்புமா என்றால், குழம்பாது. ஒன்றை மறந்துவிடுகிறோம்: வலது கையின் பிடி இரண்டிலும் ஒன்றுதான். இரண்டு தரம் பழகுவது இடது கை மட்டும். ஆபத்து எங்கே என்றால், மேட்ச்ட் பிடியில் இருந்துகொண்டு முன்கையை உருட்டுவதும், ட்ரடிஷனலில் மணிக்கட்டை ஆட்டுவதுமாக அரைகுறைக் கலவை உருவாவதில். அதனால் ஒரே இருப்பில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டாம். பாண்ட் பயிற்சி நாட்களில் ட்ரடிஷனல், மற்ற நாட்களில் மேட்ச்ட். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து ஒவ்வொரு கைக்கும் எட்டு எட்டு அடி, பிறகு ஒற்றை அடி, இரட்டை அடி, கடைசியில் பரடிடில் என்ற அடிவரிசை (வ வலது கை, இ இடது கை): வ இ வ வ, இ வ இ இ. எட்டு எட்டு அடிக்கும் பகுதியைத் தொலைபேசியில் பதிந்து, கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். எது இடது கை என்று கண்டுபிடிக்க முடிகிறதா? முடிந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், சத்தத்துக்குப் பயந்து பாட்தான் வழி. இங்கே பலரும் விடும் பிழை, பாட்டை (pad) மேசையில் மட்டமாக வைத்து ட்ரடிஷனல் பயில்வது. இல்லாத விளிம்பைத் தாண்டுவதுபோல இடது முழங்கை மெல்ல மெல்ல எழும்பும், மூன்று மாதத்தில் அது பழக்கமாகிவிடும். அந்தப் பாட்டின் இடது ஓரத்தின் கீழ் சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) இரண்டை அடுக்குங்கள். ஒரு பேனையை மேலே வைத்தால் அது வலப்பக்கம் உருள வேண்டும், அந்தளவு சரிவு காணும். மேட்ச்ட் பயிலும் நாளில் கொப்பிகளை எடுத்துவிடுங்கள்.

தடியும் இரண்டு சோடி வேண்டும். பாண்ட் தடி மொத்தமானது, பாரமானது. அதே தடியோடு செட்டுக்குப் போனால் 14 வயது மணிக்கட்டு களைத்துவிடும். செட்டுக்கு 5ஏ அளவுத் தடி, கை சிறியதென்றால் அதைவிட மெல்லிய 7ஏ. கொழும்பு வெக்கையில் வியர்வை பட்டதும் வார்னிஷ் பூசிய தடி வழுக்கும், வழுக்கினால் பிள்ளை நெரிப்பாள், நெரித்தால் பழைய நோ திரும்பும். பிடிக்கும் பகுதியை மட்டும் மெல்லிய மண்கடதாசியால் ஒருக்கா உரசி மினுக்கத்தை எடுத்துவிடுங்கள். பாண்ட் ட்ரம்மின் வாரில் அவளுக்குச் சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் பேனையால் ஓர் அடையாளமும் போடச் சொல்லுங்கள். அடுத்த பயிற்சிக்கு முதல் வேறொரு பிள்ளை அதை மாற்றியிருக்கக்கூடும்.