ஒரு நிமிடத்தில் நின்றுபோகும் ஜிஎஸ்டி அறிக்கை

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். காலாண்டு ஜிஎஸ்டிக்கான விற்பனை அறிக்கையைத் திறந்தால் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு 504 என்று காட்டி நின்றுவிடுகிறது. மென்பொருள் செய்து கொடுத்தவர் பெரிய சர்வருக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சரியாக ஒரு நிமிடத்தில் நிற்பதே ஒரு துப்பு. என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர், நாம் மாற்றாதவரை, 60 விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கும்; அதற்குள் வராவிட்டால் 504 காட்டும். அந்த 60 விநாடியை 300 ஆக்கினால் பிழைச்செய்தி மறையும், உங்கள் கணக்காளர் காத்திருக்கும் நேரம் கூடும். அவ்வளவுதான்.

முதலில் எந்த குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) இழுக்கிறது என்று பிடிக்க வேண்டும். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால், தாமதமாகும் குவெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மாட்டும் குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின்' சேர்த்து ஓட்டினால், இன்டெக்ஸ் (வேண்டியதை நேராகத் தேடித் தரும் வரிசைப் பட்டியல்) வழியாகப் போகிறதா, டேபிள் முழுவதையும் படிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு நேர மாற்றம். பில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்; சிங்கப்பூர் நேரத்துக்கு 8 மணி பின்னால்) பதிவாகியிருக்கும். குவெரியோ ஒவ்வொரு பில்லுக்கும் 8 மணி நேரம் கூட்டி, அப்புறம்தான் தேதியைப் பார்க்கும். தேதிவாரியாக அடுக்கிய பில் கட்டு என்றால் ஏப்ரல் பில்லை நேராக உருவலாம். ஒவ்வொன்றிலும் நேரத்தைத் திருத்திவிட்டுத்தான் பார்ப்பேன் என்றால் கட்டு முழுவதையும் புரட்டியாக வேண்டும். தேதிக்கு இன்டெக்ஸ் இருந்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான். ஜிஎஸ்டி பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் பழைய பில்களை அழிக்கவும் முடியாது.

பில்லைத் தொடாமல், தேடும் தேதி எல்லையை மாற்றுங்கள். ஏப்ரல்–ஜூன் காலாண்டு என்றால், யூடிசியில் மார்ச் 31 மாலை 4 மணி முதல் ஜூன் 30 மாலை 4 மணிக்கு முன்பு வரை. சிங்கப்பூரில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. ஆண்டு முழுவதும் இதே 8 மணிதான். தேதிக்கு இன்டெக்ஸ் இல்லாவிட்டால் அதையும் போடச் சொல்லுங்கள். டேபிளின் கண்ட கண்ட நெடுவரிசைக்கெல்லாம் போட வேண்டாம். பில் பதிவாகும் ஒவ்வொரு முறையும் அத்தனை இன்டெக்ஸும் புதுப்பிக்கப்பட வேண்டும், கவுன்டரில் வேகம் குறையும்.

இன்னொன்று: ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனி குவெரியில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு டேபிளையும் இணைத்துப் படிக்கும் ஒரே ஜாயினில் முடிகிற வேலை அது.

இத்தனையும் செய்து, எக்ஸ்ப்ளெயின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போதும் இழுத்தால் சர்வர் பற்றிப் பேசுங்கள்.