மேலும் கீழும் ஒரு பார்வை

அன்புள்ள ஐயா,

திருநங்கைகளை மதிப்பவன் நான். ஆனால் பெண்கள் போட்டிகளில் அவர்களை விட்டால் பதக்கமெல்லாம் அவர்களுக்கே போய்விடாதா? நம் சாந்தி விஷயத்தில் நடந்ததும் அதுதானே? பெண்கள் கழிப்பறைக்கு அவர்கள் வருவதும் என் மனைவிக்குச் சங்கடமாக இருக்கிறதாம். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ம., கரூர்

அன்புள்ள ம.,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒரு ஃபோன் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

பதக்கக் கவலையை முதலில் முடித்துவிடுவோம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்துத் திருநங்கை லாரல் ஹப்பார்ட் பெண்கள் பிரிவில் பளுதூக்கினார், மூன்று முயற்சியும் தோல்வி, வெறுங்கையோடு ஊர் திரும்பினார். ஆணாகப் பருவமடைந்த உடலின் உயரமும் எலும்பும் ஹார்மோனைக் குறைத்தாலும் திரும்பிப் போவதில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் உலக தடகள அமைப்பு 2023 மார்ச்சில் அப்படிப் பருவமடைந்த திருநங்கைகளைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. சர்வதேசப் போட்டிக்கு அது நியாயமான விவாதம். உங்கள் தெருப் பிள்ளைகள் ஆடும் கோகோவுக்கு அது எதற்கு? சரி, விடுங்கள்.

ஆனால் சாந்தி? என்ன ஐயா இப்படி எழுதிவிட்டீர்கள்? சாந்தி சௌந்தரராஜன் திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர். புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். ஓடி முடித்தவரைப் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்திப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். உடலின் உள்ளே இயற்கை வைத்த ஒரு வேறுபாடு அவர் செய்த மோசடியா? எந்த மருந்தும் சாப்பிடவில்லை, எதையும் மறைக்கவில்லை. தன் உடலைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை ஊரே பேசக் கேட்டவர். கலைஞர் அரசு கொடுத்த 15 லட்சத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தினார். அப்புறம் அவரே சூளைக்குக் கூலிக்குப் போகும் நிலையும் வந்தது. இவ்வளவுக்கும் பின்னால், இன்னும் நீங்கள் “அதுதானே நடந்தது” என்கிறீர்கள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம். ஒரு பெண்ணை மேலும் கீழும் பார்த்து “நீ பெண்தானா” என்று கேட்கும் உரிமை யாருக்கோ இருக்கிறது என்று நம்பிவிட்டால் அது திருநங்கையோடு நிற்காது. நாளைக்கு மீசை அரும்பிய உங்கள் மகளிடமும் வரும்.

அந்தப் பார்வையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தோழி ஒருத்தி, திருநங்கை. பல வருடம் முன்பு ஒரு கூட்டத்துக்குச் சேர்ந்து போனோம். காலையிலிருந்து டீ வேண்டாம், இளநீர் வேண்டாம் என்றாள். ஏதோ விரதம் போல என்று நினைத்தேன், மடையன். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அடக்க முடியாமல் கட்டணக் கழிப்பிடத்துக்குப் போனாள். மேசையில் இருந்த அம்மா தலை நிமிர்ந்து மேலும் கீழும் பார்த்தார். அவள் வைத்த இரண்டு ரூபாய்க் காசை ஒற்றை விரலால் திரும்பத் தள்ளினார். “அந்தப் பக்கம் போ.” அந்தப் பக்கம் ஆண்கள். வாசலிலேயே விசில். திரும்பி வந்து பேருந்தில் உட்கார்ந்துகொண்டாள். விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தினபோது லாரி மறைவில் போனாள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன்.

இவர்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒன்று இருக்கிறதா, பார்த்து எழுதுங்கள். இல்லாத வரை அவள் எங்கே போவாள்? உங்கள் மனைவியின் சங்கடத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அவர் அதை நேரில் பார்த்தாரா, வாட்ஸப்பில் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

போன வார ஃபோன் அவளிடமிருந்துதான். சிறுநீரகத்தில் கல். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர்.

“குடிச்சுட்டு எங்க போறதுன்னு சீட்டுல எழுதலையே அண்ணே,” என்று சிரித்தாள்.