சிறுநீரக அழற்சியும் ஸ்டீரொயிட்டும்: வன்னி வாசகர்களின் கேள்விகள்

மகனுக்கு ஏழு வயது. காலில் சிரங்கு வந்து மாறிய பிறகு முகம் வீங்கி, சலம் பிளேன்ரீ நிறத்தில் போனது. வாட்டில் வைத்திருக்கினம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வீக்கம் வந்து பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை கொடுத்தவை. இவனுக்கு ஏன் இல்லை? (பரந்தன்)

வீக்கம் ஒன்றுபோல் இருந்தாலும் நோய் வேறு, அம்மா. சிரங்கில் இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் எழுந்தபோது மகனின் சிறுநீரகம் அழற்சி கண்டிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானாகவே ஆறிவிடும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட்டை இதற்குக் கொடுப்பதால் பயனில்லை. பிரஷர் ஏறினால் வலிப்பு வரலாம். வாட்டில் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். உப்பைக் கட்டாயம் குறையுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு வேகமாக ஏறினால் மட்டும் பயொப்சி செய்து (சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்த்து), ஸ்டீரொயிட் பற்றி யோசிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சலத்தில் புரதம் போகும் நெஃப்ரோட்டிக் நோயாக இருக்கலாம். அதற்கு பிரெட்னிசொலோன்தான் முதல் மருந்து.

மனைவிக்கு லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) சிறுநீரகத்தைத் தாக்கியது. மூன்று நாள் நாளத்தில் ஸ்டீரொயிட் ஏற்றி, இப்ப குளிசை. முகம் உருண்டு போச்சு, சனம் கேட்குது. நிற்பாட்டலாமா? (ஒட்டுசுட்டான்)

தயவுசெய்து நிற்பாட்டாதீர்கள். மூன்று நான்கு கிழமைக்கு மேல் குளிசை எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, உடலின் சொந்த ஸ்டீரொயிட்டான கோர்ட்டிசோலைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென விட்டால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அடங்கிய லூபஸும் திரும்பலாம். அளவை வைத்தியர் படிப்படியாகக் குறைக்கக் குறைக்க முகமும் வடியும்.

குளிசை முடியுமட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மாரியில் வீதி மூழ்கும் ஊர் உங்களுடையது. மழைக்கு முன்பே கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். காலையில் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். சத்தியெடுத்துக் குளிசை தங்காவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், ஊசியாக ஏற்றுவார்கள். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் யாருக்கும் கொப்பளிப்பான் வந்தாலும் அப்படியே. சீனியும் பிரஷரும் அடிக்கடி பார்க்கப்பட வேண்டும்.

முழங்கால் வலிக்கு டைக்ளோபெனக் எடுத்துச் சிறுநீரகம் பழுதாகியது. ஸ்டீரொயிட் தொடங்க முதல் பூச்சிக் குளிசையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் ஏன்? (செட்டிகுளம்)

வெறுங்காலோடு வயலில் நிற்பவரின் தோல் வழியே ஸ்ட்ரொங்கிலொய்டஸ் என்ற புழு ஏறி, அறிகுறியே காட்டாமல் குடலில் வருடக்கணக்காக இருக்கலாம். ஸ்டீரொயிட் எதிர்ப்புச் சக்தியைத் தணித்ததும் அது பெருகி நுரையீரல் வரை பரவும், பலர் இறந்திருக்கிறார்கள். எக்ஸ்ரே, ஒளிந்திருக்கும் காசநோய்க்காக. உங்களுக்கு அந்தச் சோதனைகளைச் செய்தவர் நல்ல வைத்தியர். வலிக் குளிசையை விட்டதுதான் முதல் சிகிச்சை. ஸ்டீரொயிட் தேவையென்றால் தாமதியாமல் தொடங்குவது நல்லது. டைக்ளோபெனக், இபுப்ரோஃபென் இனி வேண்டாம்.

அப்பாவுக்குப் பல வருடமாகக் காரணம் தெரியாத சிறுநீரக நோய். ஸ்டீரொயிட் கேட்கலாமா? (நெடுங்கேணி)

வேண்டாம், தம்பி. சிறுநீரகத்தில் தழும்பாகிவிட்ட இடத்தை அது திருப்பித் தராது. பிரஷரைக் கட்டுக்குள் வைத்து, கிளினிக்கைத் தவறவிடாமல் கூட்டிப் போங்கள்.