கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: முதல் கேமிங் பிசிக்கு எந்த ராம்?

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். ஓணம் போனஸில் ரைசன் 5 5600ஜி பிராசசர் போட்டு, இப்போதைக்குக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அசெம்பிள் செய்ய நினைக்கிறோம். கோயம்புத்தூர் கடையில், "16 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போடுங்க, அப்புறம் இன்னொன்று சேர்த்துக்கலாம்" என்கிறார்கள். போடலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

இந்தப் பிராசசருக்கு வேண்டாம். 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். 5600ஜி-யில் கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனி மெமரி கிடையாது. நீங்கள் போடும் ராமைத்தான் அதுவும் பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4 (ராமின் தலைமுறை) 3200 (அதன் வேகம்) ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி டேட்டாதான் போய்வரும். இரண்டு இருந்தால் 51.2. பிராசசர் அதேதான், ராமின் மொத்த அளவும் அதேதான். ஆனாலும் ஒற்றை ஸ்டிக்கில் கேம் திக்கித் திணறும். தனி கிராபிக்ஸ் கார்டு போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது. கடைக்காரர் அதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

பாக்கெட்டில் 3200 என்பதோடு சிஎல் எண்ணையும் (கேட்ட டேட்டாவைத் தர ராம் எத்தனை துடிப்பு எடுக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டுக்கும் காத்திருப்பு நேரம் ஒன்றுதான், 10 நானோ நொடி. 3200 சிஎல்22 என்றால் 13.75 ஆகிவிடும். விலை கொஞ்சம்தான் கூடுதல் என்றால் சிஎல்16 எடுங்கள். கலர் லைட் எரியும் ஸ்டிக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்4, பாலக்காட்டுப் பங்குனி வெயிலையும் தாங்கும். அந்தப் பணத்தில் கேபினெட்டுக்கு இன்னொரு ஃபேன் வாங்கலாம்.

போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான போர்டுகளுக்கு இதுதான் கணக்கு. சந்தேகம் இருந்தால் மேனுவலில் படம் இருக்கும். அடுத்தடுத்த ஸ்லாட்டில் செருகிக் கொடுத்துவிட்டால் இரண்டு ஸ்டிக் வாங்கியதே வீண்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வரும் செட்டிங்ஸ்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி (சில போர்டில் டிஓசிபி) என்பதை ஆன் செய்யாவிட்டால் சிஎல்16 ஸ்டிக் 2133, 2400, 2666 என்று ஏதாவதொரு குறைந்த வேகத்தில்தான் ஓடும். கடையை விட்டுக் கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் ஸ்பீடு 3200 காட்டுகிறதா, இரண்டு ஸ்லாட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா போவதால் அதுவும் 3200தான்.

டிடிஆர்4 போர்டு வாங்கிவிட்டுப் பிறகு டிடிஆர்5 ராம் போட்டுக்கொள்ள முடியுமா?
- வாசகி, செங்கோட்டை

முடியாது. இரண்டிலும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 டிடிஆர்5 மட்டும். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை இரண்டு வகைப் போர்டும் உண்டு. வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். இன்டெல்லின் எச்610 சிப்செட் உள்ள டிடிஆர்4 போர்டு 3200-க்கு மேல் ஓட்டாது, அதற்கு 3600 வாங்குவது தண்டச்செலவு. 2025 கடைசியில் ராம் விலை எக்கச்சக்கமாக ஏறியதிலிருந்து, கையை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது: வீட்டில் நல்ல டிடிஆர்4 ஸ்டிக் இருந்தால் அதற்கேற்ற போர்டைத் தேடுங்கள்.

இரண்டாவது ஸ்டிக் போட்டதும் திரையில் ஒன்றுமே வரவில்லை. ஃபேன் மட்டும் சுற்றுகிறது.
- வாசகர், களியக்காவிளை

பாதிக்குப் பாதி, ஸ்டிக் முழுசாக உட்காராததுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கைக் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் தட்டுங்கள். திரும்பப் போடும்போது 'டக்' என்று கிளிப் விழ வேண்டும். அப்படியும் வராவிட்டால் ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். தனித்தனியாக ஓடி, சேர்ந்தால் மட்டும் மக்கர் செய்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து பாருங்கள். ஓடினாலும் பென் டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினால்கூட அந்த ஜோடி ஆகாது. டிடிஆர்5 போர்டு என்றால் முதல் முறை சில நிமிடம் கறுப்புத் திரையாகவே இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள்.

பழைய சர்வர் ராம் 32 ஜிபி பாதி விலைக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா?
- வாசகர், திருத்தணி

எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் சர்வருக்கென்றே செய்த ரெஜிஸ்டர்டு வகையாக இருக்கும், வீட்டுப் போர்டில் ஓடாது. லேபிளில் பிசி4-2400டி என்பது போன்ற எண்ணுக்குப் பிறகு கோடு போட்டு ஆங்கில ஆர் எழுத்து இருந்தால் சர்வர் ராம். எஸ் என்றால் லேப்டாப்புக்கானது. உங்களுக்கு வேண்டியது யு.